ஒத்த தோற்றமுள்ள மூலிகைகளைப் பிரித்தறிதல்: கணுவிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

முதன்முதலாகக் கீழாநெல்லி என்று நம்பி நான் பறித்து வந்த ஒரு பிடிச் செடியில் மூன்று வெவ்வேறு செடிகள் இருந்தன. ஒன்று உண்மையான கீழாநெல்லி, இன்னொன்று மேலாநெல்லி, மூன்றாவது, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒரு செடியின் இளங்கன்று. நிறம், உயரம், சிறிய இலைகள் வரிசையாக நிற்கும் அழகு ஆகிய அனைத்தும் மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தன. செடிகளை அறிந்த பெரியவர் ஒருவர் அவற்றை ஒரு நிமிடத்தில் மூன்று குவியலாகப் பிரித்து வைத்தார். அவர் இலைகளைப் பார்க்கவே இல்லை. இலை தண்டோடு சேரும் இடத்தை மட்டும் பார்த்தார்.

இந்த வழிகாட்டி அந்தப் பழக்கத்தைப் பற்றியது. இலையின் அளவு, நிறம், தடிமன், மயிர்த்தன்மை ஆகியவை நிழலுக்கும் வெயிலுக்கும் நீருக்கும் ஏற்ப மாறுபவை. ஒரே விதையில் முளைத்த இரண்டு கன்றுகளில் ஒன்று வாய்க்கால் ஓரத்திலும் மற்றொன்று கட்டாந்தரையிலும் வளர்ந்தால், அவற்றை ஒரே செடி என்று சொல்வதற்கே தயக்கம் வரும். ஆனால் ஒரு கணுவில் எத்தனை இலைகள் தோன்றுகின்றன, இலைக்காம்பு எந்த இடத்தில் ஒட்டுகிறது, பூ எங்கிருந்து புறப்படுகிறது என்பவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆகவே குழப்பும் செடிகளை எதிர்கொள்ளும்போது, அவற்றின் இணைப்பிடங்களை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் படி: பறிப்பதற்கு முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்சு, ஒரு சிறிய அளவுகோல், வெள்ளைத் தாள், குறிப்பேடு, கையுறை ஆகியவை போதும். கைலென்சைச் செடியருகே பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பது பலரும் செய்யும் தவறு. லென்சைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்து, செடியை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பத்து மடங்கு லென்சில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் உருவம் தெளியும்.

செடியைப் பிடுங்கிவிட்டால் சில தகவல்கள் திரும்பக் கிடைக்காது. அது நிமிர்ந்து நின்றதா, படர்ந்ததா, படர்ந்தால் கணுதோறும் வேர் விட்டதா, நின்ற இடம் ஈரமா வறண்டதா என்பவற்றைப் பறிக்கும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அருகிலுள்ள ஐந்தாறு செடிகளைப் பார்த்து, அவற்றில் பூவும் காயும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பூவும் காயும் இல்லாத இளங்கன்றை வைத்து இனத்தைச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் கடினமான வேலை.

இரண்டாம் படி: கீழிருந்து மேலாகப் பார்த்தல்

கண் இயல்பாகவே பூவுக்குத்தான் முதலில் போகும். அதைக் கட்டுப்படுத்தி வேர், தண்டு, கணு, இலை, பூ, காய், விதை என்ற வரிசையில் பார்க்கப் பழக வேண்டும். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் அது உருண்டையா நான்கு பட்டையா என்பது தெரிந்துவிடும். தும்பையின் தண்டு நான்கு பட்டையாக இருப்பது அதன் குடும்ப அடையாளங்களில் ஒன்று. பிறகு கணுவைப் பார்க்க வேண்டும். கணுவுக்கு ஓர் இலை வீதம் மாறி மாறி வருவது மாற்றிலை அமைவு. இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்பது எதிரிலை அமைவு. மூன்றோ அதற்கு மேலோ சூழ்ந்து நிற்பது வட்ட அமைவு.

இதில் தொடக்கநிலையில் உள்ள எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரிவது முழு இலையா, கூட்டிலையின் ஒரு சிற்றிலையா என்பதை எப்படி அறிவது? இலைக்காம்பும் தண்டும் சேரும் மேற்புறக் கோணத்தில், அதாவது இலைக்கக்கத்தில், ஒரு மொட்டோ தளிரோ பூவோ இருந்தால் அது முழு இலை. சிற்றிலையின் கக்கத்தில் எதுவும் இருக்காது. இந்த ஒரு சோதனை கைவந்துவிட்டால் கீழே வரும் முதல் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இலையைக் கசக்கி முகரலாம். தண்டை ஒடித்துப் பால் வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் இனம் தெரியாத செடியை நாவில் வைத்துச் சுவை பார்ப்பதை ஒரு சோதனையாக எண்ணவே கூடாது.

கீழாநெல்லியும் அதன் உறவினரும்

கீழாநெல்லியைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். இதைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு மற்றவை எளிதாகிவிடும்.

கீழாநெல்லியின் நடுத்தண்டில் முழு இலைகள் இல்லை. இலை இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய செதில்களே உள்ளன. அச்செதில்களின் கக்கத்திலிருந்து மெல்லிய பக்கக் கிளைகள் புறப்பட்டு, ஒவ்வொன்றும் இரண்டு வரிசையாக இலைகளைத் தாங்குகின்றன. ஆகவே ஒரு கிளை முழுவதும் ஒரே கூட்டிலையைப் போலத் தோன்றுகிறது. முதிர்ந்தபின் அது கூட்டிலையைப் போலவே மொத்தமாக உதிரவும் செய்கிறது. இந்த வேடத்தைக் கலைக்க, கிளையைத் திருப்பிப் பிடித்தால் போதும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு சிறு பூவோ, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள பச்சைக் காயோ தொங்கும். அவரைக் குடும்பக் கன்றுகளின் சிற்றிலைகளில் இப்படி எதுவும் இருக்காது. என் பிடியிலிருந்த மூன்றாவது செடி இவ்வாறுதான் விலக்கப்பட்டது.

மேலாநெல்லியை விலக்குவதற்கு நடுத்தண்டைப் பார்க்க வேண்டும். அதன் நடுத்தண்டிலேயே முழு இலைகள் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். இலை அடியில் குறுகி நுனியில் அகன்று ஆப்பு வடிவில் இருக்கும். பெயரை நம்பிக் காய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தேடுவது அவ்வளவு நம்பத்தக்க வழியன்று. சாய்ந்து கிடக்கும் கிளையில் மேல் எது, கீழ் எது என்பதே குழம்பிவிடும்.

அடுத்தவை உண்மையிலேயே நெருங்கிய உறவினர். சிவப்புக் கீழாநெல்லி என்று பலரும் சொல்லும் பில்லாந்தஸ் யூரினேரியாவின் தண்டு பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். ஆனால் வெயிலில் வளர்ந்த கீழாநெல்லியும் சிவக்கக்கூடும் என்பதால் நிறத்தோடு நிறுத்திவிடக் கூடாது. காயைப் பாருங்கள்: கீழாநெல்லியின் காய் வழுவழுப்பாக, சிறு காம்புடன் தொங்கும், யூரினேரியாவின் காய் காம்பில்லாததுபோல் கிளையோடு ஒட்டி, மேற்பரப்பில் சொரசொரப்பான புடைப்புகளுடன் இருக்கும். முற்றிய காயை வெள்ளைத் தாளில் உடைத்து விதையை லென்சில் பார்த்தால் ஐயம் முற்றிலும் நீங்கும். கீழாநெல்லி விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். யூரினேரியா விதையில் குறுக்குவாட்டில் ஓடும்.

இன்னும் இரண்டு இனங்கள் எஞ்சுகின்றன: பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் ஃபிரட்டர்னஸ். இவை கீழாநெல்லியின் அச்சு அசலான நகல்கள். இங்கே எண்ணிக்கைதான் துணை. காயின் அடியில் உதிராமல் நிற்கும் புல்லி இதழ்களை, அதாவது பூவின் வெளியடுக்கு இதழ்களை, எண்ண வேண்டும்; கீழாநெல்லியில் அவை ஐந்து, மற்ற இரண்டிலும் ஆறு. ஒரு காயை மட்டும் எண்ணாமல் பத்துக் காய்களையாவது எண்ணிப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட பில்லாந்தஸ் நிரூரி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இனம். இருந்தும் இந்தியத் தாவர நூல்களில் நெடுங்காலம் அந்தப் பெயரையே கீழாநெல்லிக்குச் சூட்டி வந்தார்கள். அப்பெயரின்கீழ் அமரஸ், டெபிலிஸ், ஃபிரட்டர்னஸ் என்னும் மூன்று இனங்கள் கலந்து கிடந்தன என்பது 1985இல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவாக்கப்பட்டது. ஆகவே பழைய நூல் ஒன்றில் நிரூரி என்று கண்டால், அது எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறது என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. நாம் கீழாநெல்லி என்று அழைப்பதன் அறிவியல் பெயர் பில்லாந்தஸ் அமரஸ்.

வல்லாரை: காம்பு எங்கே ஒட்டுகிறது?

வட்டமான இலையும் தரையில் ஓடும் தண்டும் உள்ள எதையும் வல்லாரை என்று சொல்லிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. வல்லாரை இலையின் அடியில் ஒரு பிளவு இருக்கும். அந்தப் பிளவின் உட்கோடியில், இலையின் விளிம்பிலேயே காம்பு ஒட்டும். அழகுக்காக வளர்க்கப்பட்டுப் பின் நீர்நிலைகளுக்குப் பரவிய ஹைட்ரோகோட்டைல் வகைகள் சிலவற்றில் காம்பு இலையின் நடுவில், குடைக்கம்பி குடையில் சேர்வதைப்போல ஒட்டும். இலையைத் திருப்பிய ஒரு நொடியில் இது தெரிந்துவிடும்.

ஆனால் எல்லா ஹைட்ரோகோட்டைல்களும் குடை இலை கொண்டவையல்ல. ஹைட்ரோகோட்டைல் சிப்தார்ப்பியாய்டிஸ் என்னும் சிறிய இனத்தில் காம்பு வல்லாரையைப் போலவே பிளவில்தான் ஒட்டும். அதன் இலை பளபளப்பாகவும், பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள்ளும் இருக்கும். இங்கே கணுவுக்குத் திரும்ப வேண்டும். வல்லாரையில் ஓடுதண்டின் ஒரு கணுவிலிருந்து வழக்கமாகப் பல இலைகள் கொத்தாக எழும். ஹைட்ரோகோட்டைலில் கணுவுக்கு ஓர் இலைதான். எலிச்செவிக் கீரை எனப்படும் படர்செடியும் இந்தக் குழப்பத்தில் சேர்ந்துகொள்கிறது. அதிலும் கணுவுக்கு ஓர் இலைதான். அது பூத்துவிட்டால் குழப்பத்துக்கே இடமில்லை. அதன் பூ மஞ்சள் நிறப் புனல். வல்லாரையின் பூக்களோ செம்மை தோய்ந்த, மிகச் சிறிய, தரையோடு ஒட்டி மறைந்து கிடக்கும் பூக்கள்.

பிரமி என்ற பெயர் இங்கே தனிச் சிக்கல். சிலர் வல்லாரையையும் சிலர் நீர்ப்பிரமியையும் அப்பெயரால் அழைக்கிறார்கள். இவை இரண்டும் உருவத்தில் சற்றும் ஒத்தவையல்ல. நீர்ப்பிரமியின் இலைகள் சிறியவை, சதைப்பற்றுள்ளவை, எதிரெதிராக நிற்பவை. யாரேனும் பிரமி என்றால் எந்தப் பிரமி என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூக்கிரட்டையும் சாரணையும்

நான் அறிந்த இணைகளில் மிகத் தந்திரமானது இதுதான். இரண்டும் தரையில் படர்பவை. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக இருக்கும். அதைவிட வியப்பு, இரண்டிலுமே ஒரு கணுவில் உள்ள இரு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். ஒரு நூலில் ‘சமமற்ற இலையிணை’ என்ற அடையாளத்தைப் படித்துவிட்டு வயலில் இறங்கியவர் சாரணையை மூக்கிரட்டை என்று உறுதியாக நம்பிவிடுவார். அடையாளம் சரியாகப் பொருந்துகிறதே! பொருந்தும் ஓர் அடையாளத்தைக் கண்டதும் தேடலை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சாரணையின் ஒரு கணுவை இரு விரல்களால் பிடித்து, இலைக்காம்பின் அடியை மெல்ல விலக்கிப் பாருங்கள். காம்பின் அடி அகன்று, சவ்வுபோன்ற உறையாகித் தண்டைத் தழுவியிருக்கும். அந்த உறைக்குள் ஒரே ஒரு பூ, காம்பின்றி அமர்ந்திருக்கும். வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ அதன் நுனி மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும். காயும் அந்தப் பைக்குள்ளேயே புதைந்து முற்றும்; உடைத்தால் கருமையான, சிறுநீரக வடிவ விதைகள் விழும்.

மூக்கிரட்டையில் அத்தகைய உறை இல்லை. அதன் பூக்கள் கணுவில் ஒளிவதில்லை. நீண்டு கிளைத்த மெல்லிய காம்புகளின் நுனியில், கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பாக, மிகச் சிறிய கொத்துகளாக நிற்கும். காய்கள் கதாயுத வடிவில், பசையுள்ள சுரப்பிகளோடு இருப்பதால் ஆடையிலும் விரலிலும் ஒட்டிக்கொள்ளும். இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெளிறித் தெரியும்.

பருப்புக்கீரையும் பால்செடிகளும்

பருப்புக்கீரை எனப்படும் போர்ட்டுலாக்கா ஒலரேசியாவோடு, தரையில் அப்பிப் படரும் சிற்றம்மான் பச்சரிசி போன்ற யூபோர்பியா இனங்களை மாற்றிக்கொள்வது பல நாடுகளில் நிகழும் பிழை. இரண்டுமே செந்தண்டு, சிற்றிலை, வட்டமாகப் படரும் இயல்பு கொண்டவை. தண்டை ஒடிக்க வேண்டும். வெண்பால் கசிந்தால் அது போர்ட்டுலாக்கா அன்று. வறட்சியில் வாடிய செடியின் முதிர்ந்த தண்டில் பால் தெளிவாகத் தெரியாமற்போகலாம் என்பதால், நுனியருகே இரண்டு மூன்று இடங்களில் ஒடித்துப் பார்க்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். ஒடித்த கையால் முகத்தைத் தொடக்கூடாது. பால் தெரியாவிட்டாலும் இலை கைகொடுக்கும். யூபோர்பியாவின் இலை மெல்லியது, அதன் அடிப்பகுதி ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் கோணலாக இருக்கும். போர்ட்டுலாக்காவின் இலை சதைப்பற்றுள்ளது, அடி குறுகிச் சமச்சீராகச் சேரும்.

கரிசாலையும் வேறு சில குழப்பங்களும்

வெள்ளைக் கரிசாலையை வெட்டுக்காயப் பூண்டோடு குழப்புபவர்கள் உண்டு. இரண்டிலும் எதிரிலை அமைவு, மயிர் படர்ந்த உடல், பல சிறு மலர்கள் நெருங்கி ஒரே பூப்போல் தோன்றும் சிறிய தலைமஞ்சரி. கரிசாலையின் இலை ஏறத்தாழக் காம்பின்றித் தண்டோடு சேரும். பூத்தலை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டது. அதைச் சுற்றி நூலிழைபோல் எண்ணற்ற வெண்ணிறக் கதிர்மலர்கள் இருக்கும். வெட்டுக்காயப் பூண்டின் பூத்தலை இலையற்ற நீண்ட காம்பின் உச்சியில் நிற்கும். கதிர்மலர்கள் ஐந்தை ஒட்டிய எண்ணிக்கையில், நுனியில் மூன்றாகப் பிளந்திருக்கும். விதைகள் இறகுபோன்ற மயிர்க்கொத்துடன் காற்றில் பறக்கும். கரிசாலையின் விதைக்கு அந்த இறகு இல்லை. கரிசாலையின் இலையை வெள்ளைத் தாளில் தேய்த்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், பச்சைக் கறை கருமையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மஞ்சள் கரிசாலை வேறோர் இனம். அதற்குப் பதிலாகப் பலர் காட்டுவது, தோட்டங்களில் தரைமூடியாக வளர்க்கப்படும் அமெரிக்கச் செடியான ஸ்பேக்னட்டிகோலா டிரைலோபேட்டாவை. பெயரே சொல்வதுபோல் அதன் இலை மூன்று மடல்களாகப் பிரிந்து பளபளக்கும். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. மஞ்சள் கரிசாலையின் இலை நீள்வடிவானது, மடல்கள் இல்லாதது.

நெருஞ்சில் இணைக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. சிறுநெருஞ்சிலுக்குக் கூட்டிலை, ஐந்து தனித்தனி மஞ்சள் இதழ்கள், ஐந்து துண்டாகச் சிதறும் முட்காய். யானை நெருஞ்சிலுக்குத் தனி இலை, குழல் வடிவப் பூ, நான்கு முட்களுள்ள காய். யானை நெருஞ்சிலின் கிளையை நீரில் சிறிது நேரம் சுழற்றினால் நீர் கொழகொழப்பாகிவிடும். புளியாரையும் ஆரைக்கீரையும் அதைவிட எளிது: முன்னதற்குச் சிற்றிலைகள் மூன்று, பின்னதற்கு நான்கு, ஆரை ஒரு பெரணி வகை என்பதால் அதில் பூவே வராது.

தள்ளி நிற்க வேண்டிய இடங்கள்

மேற்கண்ட குழப்பங்களில் பெரும்பாலானவை தவறான செடியைக் கையில் தருவதோடு முடிந்துவிடும். சில குழப்பங்கள் அப்படி முடிவதில்லை. பெரணிபோல் நுணுக்கமாகப் பிளந்த இலையும், குடைபோல் விரியும் பூங்கொத்தான குடைமஞ்சரியும் கொண்ட கேரட் குடும்பத்துக் காட்டுச் செடிகளைத் தொடக்கநிலையில் உள்ளவர் இனம் காண முயலவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காட்டுக் கேரட்டின் தண்டில் மயிர் இருக்கும். அதே குடும்பத்து நச்சுச் செடியான ஹெம்லாக்கின் தண்டு மழமழவென்று ஊதாப் புள்ளிகளுடன் இருக்கும். அறிந்து வைத்திருக்கலாம், ஆனால் அந்த ஒரு வேறுபாட்டை நம்பிச் செயலில் இறங்கக் கூடாது. கி.மு. 399இல் சாக்ரடீசுக்குத் தரப்பட்ட நஞ்சு ஹெம்லாக் என்றே கருதப்படுகிறது.

ஊமத்தையின் இளங்கன்று மற்ற அகன்ற இலைக் கன்றுகளோடு கலந்து வளரும்போது கண்ணில் படாமல் தப்பிவிடும். அதன் இலையடி இருபுறமும் ஒரே மட்டத்தில் காம்போடு சேராது. கசக்கினால் குமட்டும் மணம் வரும். பார்த்தீனியத்தை மாசிபத்திரி என்று பறிப்பதும் நடக்கிறது. மாசிபத்திரியைக் கசக்கினால் நறுமணம் கமழும், இலையின் அடிப்புறம் வெண்பஞ்சு படர்ந்திருக்கும். பார்த்தீனியத்தில் இரண்டும் இல்லை. பார்த்தீனியம் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் இந்தச் சோதனையைக் கையுறையுடன்தான் செய்ய வேண்டும்.

கடைசிப் படி: உறுதி செய்தல்

கைப்பேசிச் செயலிகள் பயனற்றவையல்ல. எந்தப் பேரினம் என்ற அளவுக்குப் பெரும்பாலும் நன்றாகவே வழிகாட்டுகின்றன. ஆனால் அவை பார்ப்பது நாம் எடுத்த படத்தை. மேலிருந்து எடுத்த படத்தில் கீழாநெல்லியின் புல்லி இதழ்களோ சாரணையின் உறையோ தெரியப்போவதில்லை. படம் எடுப்பதானால் முழுச் செடி, ஒரு கணுவின் அண்மைத் தோற்றம், இலையின் அடிப்புறம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய் என ஐந்து படங்களாவது எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்க வேண்டும்.

ஒரு பெயரை எட்டியபின், அதற்கு எதிரான சான்றைத் தேட வேண்டும். ‘இது மூக்கிரட்டை என்றால் இதில் எது இருக்கவே கூடாது?’ என்று கேட்டுக்கொண்டு, அது இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று அடையாளங்களாவது ஒத்துவர வேண்டும். இலையின் நீளம், அகலம், நிறம் என்று மூன்றையும் இலையிலிருந்தே எடுத்தால் அது ஒரே அடையாளத்துக்குச் சமம்.

அப்போதும் முடிவு எட்டாவிட்டால், வேரோடு ஒரு செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, ஓர் இலையை மட்டும் அடிப்புறம் தெரியும்படி திருப்பி வைத்து, மேலே பாரம் ஏற்றி உலர்த்த வேண்டும். முதல் சில நாட்களுக்குத் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். எடுத்த இடம், நாள், நிலத்தின் தன்மை, உலர்ந்தால் மறைந்துவிடும் பூ நிறம், மணம், பால் ஆகியவற்றை அன்றே ஒரு சீட்டில் எழுதி அதனுடன் வைத்துவிட்டால், பின்னர் ஒரு தாவரவியலாளரிடம் காட்டும்போது அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இருக்கும். பூவோ காயோ இல்லாத செடியானால் அதைப் பறிக்காமல், தண்டில் ஒரு வண்ண நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் காய் பிடித்திருக்கிறதா என்று திரும்பி வந்து பார்க்கலாம்.